அந்தோனி லூக்காஸ்

அந்தோனி பிரான்சிஸ் லூக்காஸ் (செப்டம்பர் 9, 1855 – செப்டம்பர் 2, 1921) ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த குரோவாசிய சுரங்கப் பொறியாளர் ஆவார். நிலத்தடி உப்புக் குவிமாடங்களை ஒட்டி எண்ணெய் தங்கியிருக்கும் என்று நம்பித் துளையிட்டு, 1901 இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டாப் எண்ணெய்க் கிணற்றை உருவாக்கியமைக்காக அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

லூக்காஸ், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த டால்மேசியாப் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் அந்துன் லூச்சிச். கிராஸ் நகரில் பொறியியல் பயின்று, ஆஸ்திரியக் கடற்படையில் அதிகாரியானார். 1879 இல் மிச்சிகனில் இருந்த உறவினரைக் காணச் சென்றவர் அங்கேயே தங்கி, 1885 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1893 முதல் லூசியானாவின் உப்புச் சுரங்கத்தில் பணியாற்றினார். அப்பகுதியில் உப்பைத் தேடித் துளையிட்டபோது, உப்புடன் எண்ணெயும் எரிவளியும் கந்தகமும் காணப்படுவதைக் கவனித்தார்.

உப்புக் குவிமாடங்கள்

மெக்சிக்கோ வளைகுடாக் கரையின் அடியில், 16 கோடிக்கும் அதிகமான ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் ஆவியாகிப் படிந்த தடித்த உப்புப் படுகை உள்ளது. நீண்டகால அழுத்தத்தில் பாறையுப்பு உடையாமல் மெல்ல உருமாறுகிறது. அதன் படிகங்கள் உள்ளுக்குள் வழுக்கியும் மீண்டும் படிகமாகியும் வடிவம் மாறுகின்றன. ஆழத்தின் வெப்பம் இதனை விரைவுபடுத்துகிறது. மேலே குவிந்த வண்டல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்துவதில்லை. ஆதலால் உப்பு, பளு குறைந்த இடம் நோக்கி நகர்ந்து தூண்போல் மேலெழுகிறது. ஆழத்தில் இறுகிய வண்டலைவிட உப்பு அடர்த்தி குறைந்ததாக இருப்பதும் இதற்குத் துணைசெய்கிறது. எழும் உப்பு மேலுள்ள பாறை அடுக்குகளை வளைத்துத் துளைக்கிறது. உப்பின் வழியே எண்ணெய் கசிய இயலாது. எனவே வளைந்த அடுக்குகளிலும், உப்பின் உச்சியில் உள்ள நுண்துளை மிக்க மூடுபாறையிலும் எண்ணெய் தேங்குகிறது. தரையில் இது சில மீட்டர் உயர மேடாகவே தெரியலாம்.

ஸ்பிண்டில்டாப்

போமான்ட் நகருக்கு அருகே இருந்த இத்தகைய மேட்டில் எண்ணெய் உண்டு எனப் பட்டில்லோ ஹிக்கின்ஸ் என்பவர் கூறிவந்தார். அவர் சார்ந்த நிறுவனத்தின் துளையிடல் முயற்சிகள் தோல்வியுற்றிருந்தன. 1899 இல் லூக்காஸ் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய முதல் கிணறு ஏறத்தாழ 175 மீட்டர் ஆழத்தில் நின்றது, கைப்பணமும் தீர்ந்தது. அங்கு எண்ணெய் கிடைக்காது என்று வல்லுநர்கள் கருதினர். டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பிலிப்ஸ் மட்டும் ஊக்கமளித்து, பிட்ஸ்பர்க் நகரத்து முதலீட்டாளர்களான கஃபி, கேலி ஆகியோரிடம் லூக்காஸை அறிமுகப்படுத்தினார். அவர்களுடனான உடன்படிக்கையில் லூக்காசுக்குச் சிறு பங்கே எஞ்சியது. ஹிக்கின்சுக்கு எதுவும் இல்லை.

ஹமில் சகோதரர்கள் அக்டோபர் 1900 இல் சுழல் துளைப்பான் கொண்டு பணியைத் தொடங்கினர். ஜனவரி 10, 1901 அன்று, 347 மீட்டர் ஆழம் எட்டப்பட்டிருந்த நிலையில், எண்ணெய் 45 மீட்டருக்கும் மேலாகப் பீறிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் எண்ணெய் வெளியேறியதாக மதிப்பிடப்பட்டது. கிணற்றை மூட ஒன்பது நாட்கள் ஆயின. பின்னர் அச்சிறு மேட்டில் நெருக்கமாகத் தோண்டப்பட்ட கிணறுகளால் நிலத்தடி அழுத்தம் குன்றி, 1904 க்குள் உற்பத்தி பெருமளவு வீழ்ந்தது.

பிற்காலம்

லூக்காஸ் தம் பங்கை விற்றுவிட்டு வாஷிங்டனில் ஆலோசனைப் பொறியாளராக வாழ்ந்தார்; 1921 இல் அங்கேயே காலமானார். ஸ்பிண்டில்டாப்பில் பெருஞ்செல்வம் ஈட்டியோர் பிறரே. எனினும் அவருடைய கிணற்றுக்குப் பின், வளைகுடாக் கரையின் உப்புக் குவிமாடங்கள் எண்ணெய் தேடுவோரின் முதன்மை இலக்காயின. அவர் பெயரால் 1936 இல் நிறுவப்பட்ட தங்கப் பதக்கம் எண்ணெய்ப் பொறியியல் துறையில் வழங்கப்படுகிறது.