ஜான் போஸ்டல் | பழைய பிரிண்டருக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவில் ஒரு தாடிக்காரர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அகல் விளக்கு, பொம்மை, பீஸ் கட்டை செய்கிறார்கள். ஆபீஸ் மூலையில் ஒரு பழைய நெட்வொர்க் பிரிண்டர் சும்மா கிடக்கிறது. வைஃபை கிடையாது. பின்னால் கேபிள் சொருகும் இடம் மட்டும் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ரவுட்டரில் மாட்டுகிறீர்கள். லைட் எரிகிறது. ஆனால் லேப்டாப்பில் தேடினால் பிரிண்டரையே காணோம்.

பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு இருக்காது. ஆபீஸில் யாரோ எப்போதோ கொடுத்த முகவரியை அது இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிண்டர் 192.168.0.50 என்கிறது, உங்கள் வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்கிறது. வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக இருக்கும் அமைப்பில், மூன்றாவது எண் மாறினாலே இரண்டும் வேறு வேறு தெரு. ஒரே கேபிளில் இருந்தாலும் ஒன்றை ஒன்று கூப்பிடாது.

சரி செய்வது சுலபம்தான். பிரிண்டரின் மெனுவில் இருந்தே நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தால் பழைய முகவரி தெரிந்துவிடும். டிசிபி/ஐபி பகுதியில் 'மேனுவல்' என்று இருப்பதை டிஹெச்சிபிக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், ரவுட்டரே புது எண் கொடுத்துவிடும். கரண்ட் போய் வரும்போது அந்த எண் மாறாமல் இருக்க, ரவுட்டர் செட்டிங்கில் அதை இந்தப் பிரிண்டருக்கென்று 'ரிசர்வ்' செய்து வையுங்கள். பிறகு லேப்டாப்பில் ஐபி முகவரி கொடுத்து பிரிண்டரைச் சேர்க்க வேண்டும். ஒன்றே ஒன்று: பழைய பிரிண்டருக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது. அதனால் வெளி இணையத்திலிருந்து அதை எட்டும் வழியை ரவுட்டரில் திறந்துவிடாதீர்கள்.

எங்கோ, எப்போதோ செய்த பெட்டியும் இப்போது செய்த பெட்டியும் நாலு எண்களை மாற்றியதும் பேச ஆரம்பிக்கின்றன. இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு செய்யவில்லை. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. சூளையில் மண் சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து, வெந்து வரும்போது அளவு சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அளவு பொது என்பதால்தான் இங்கே செய்த பீஸ் கட்டை வேறு ஊர் மீட்டர் போர்டில் உட்காருகிறது. இணையத்தில் அப்படிப்பட்ட பொது அளவுகளின் பதிவேட்டைச் சுமார் கால் நூற்றாண்டு கையில் வைத்திருந்தவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இணையத்தின் தந்தைகளில் ஒருவர் என்று அழைக்கப்பட்ட விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் இருவரும் அதே பள்ளிதான். மூன்று பேரும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஒன்று சேர்ந்தார்கள். 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் கணினி இணைக்கப்பட்டது அங்கேதான்.

மாணவர்கள் கூடிப் பேசியதையெல்லாம் கிராக்கர் குறிப்புகளாக எழுத ஆரம்பித்தார். ஆர்.எஃப்.சி என்ற பெயரில் 1969 ஏப்ரலில் முதல் குறிப்பு வந்தது. உத்தரவு போடுவது போல இருக்கக் கூடாது, கருத்து கேட்பது போல இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். அந்த வரிசையைத் தொகுத்து, திருத்தி, எண் கொடுத்து வெளியிடும் வேலை போஸ்டல் கைக்கு வந்தது. சாகும்வரை அவர்தான் அதன் எடிட்டர்.

இன்னொரு வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கணினியில் எந்தச் சேவை எந்த எண்ணில் காத்திருக்க வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 1972 மே மாதம் ஆர்.எஃப்.சி 349இல், எண்களை ஒருவரே வழங்கட்டும், அது நானாகக்கூட இருக்கலாமே என்று பாதி விளையாட்டாக எழுதினார். யாரும் சண்டைக்கு வரவில்லை. அப்படிக் கிடைத்த பதவிதான் அது. தேர்தல் இல்லை, நியமன ஆர்டர் இல்லை.

1974இல் பிஹெச்டி முடித்தார். 1977 முதல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் வேலை. நீளமான தாடி, காலில் செருப்பு என்றுதான் கூட்டங்களுக்கு வருவார். 1981இல் ஐபி, டிசிபி நெறிமுறைகளின் ஆவணங்கள் அவர் தொகுப்பில் வந்தன. 1982இல் மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபியை எழுதினார். 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது.

1980இலேயே டிசிபி ஆவணத்தில் அவர் எழுதிவைத்த ஒரு விதி உண்டு. நீ அனுப்புவதை விதிப்படி சுத்தமாக அனுப்பு, வந்து சேர்வதில் சின்னப் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள் என்பது அதன் சாரம். பழைய கருவியோடு புதுக் கருவி ஒத்துப்போவதற்குப் பின்னால் இந்த மனப்பான்மை இருக்கிறது. இப்படிப் பொறுத்துக்கொண்டே போனால் ஹேக்கர்களுக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிடும் என்று இன்றைய பொறியாளர்கள் பலர் விமர்சிக்கிறார்கள். அந்த விமர்சனத்திலும் நியாயம் இருக்கு.

நம்ம பிரிண்டருக்கு வருவோம். போஸ்டலும் அவருடைய சகா ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1994 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி 1700 என்ற எண் பட்டியலில் 515க்கு நேராக பிரிண்டர் என்று இருக்கும். பழைய பிரிண்டரைச் சேர்க்கும்போது எல்பிடி என்று ஒரு ஆப்ஷன் வருமே, அது தட்டும் கதவு இந்த 515தான். 192.168 கதையும் அதே காலம். ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி, தீர்ந்துவிடும் என்ற பயம் வந்தது. வீடு, அலுவலகங்களுக்குள் யார் வேண்டுமானாலும் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று மூன்று தொகுதிகளை ஒதுக்கினார்கள். 1996இல் அது ஆர்.எஃப்.சி 1918 ஆனது. எழுதியது வேறு பொறியாளர்கள், எண்களை ஒதுக்கியது ஐயானா. பெயர் பெரிய அமைப்பு மாதிரி இருக்கும். நடைமுறையில் ஐயானா என்றால் போஸ்டலும் கூட இருந்த சிலரும்தான்.

நாடுகளின் டொமைன்களும் இதே கையால்தான் போனது. எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்யும் வேலை ஐயானாவுடையது அல்ல என்று சொல்லி, ஐஎஸ்ஓ பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். உலகச் சண்டை ஒன்றை ஒரே வரியில் தவிர்த்த புத்திசாலித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தியாவின் .இன் 1989இல் வந்தது.

பணம் வந்ததும் நிலைமை மாறியது. 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் .காம் பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியது. இணையத்தின் பெயர்ப் பட்டியல் யாருடையது? பல்கலைக்கழகக்காரர்களுடையதா, கம்பெனியுடையதா, அமெரிக்க அரசுடையதா?

1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உலகின் 13 மூல சர்வர்களில் 8ஐ நடத்தியவர்கள், இனிமேல் அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து பட்டியலை எடுக்காமல் ஐயானா சொல்லும் சர்வரிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டார். எட்டுப் பேரும் கேள்வி கேட்காமல் மாற்றினார்கள். பயனாளர் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வாஷிங்டன்தான் அதிர்ந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட, சில நாட்களில் எல்லாம் பழையபடி ஆனது. வெறும் சோதனை என்றார் போஸ்டல். சோதனையா, யார் பேச்சு எடுபடும் என்று காட்டினாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எது எப்படியோ, இவ்வளவும் ஒரு மனிதரின் நல்ல பெயரை நம்பி ஓடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

அந்தப் பொறுப்பை ஏற்க ஐகான் என்ற அமைப்பு 1998 செப்டம்பரில் பதிவானது. உருவாக்கத்தில் போஸ்டலும் முன்னால் நின்றார். ஆனால் அது வேலை தொடங்குவதைப் பார்க்க அவர் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலால் 1998 அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். வயது 55.

அதே பள்ளியில் படித்த விண்ட் செர்ஃப் அடுத்த நாளே அஞ்சலி எழுதினார். அது போஸ்டல் காத்துவந்த அதே வரிசையில் ஆர்.எஃப்.சி 2468 ஆக வெளியானது. எண் பட்டியலை இப்போதும் ஐயானா பெயரிலேயே பராமரிக்கிறார்கள். 515க்கு நேராக இன்றும் பிரிண்டர்தான்.