அறுந்த கயிற்றில் கிடைத்த புகழ்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கு அருகே இருக்கிறது கூமாப்பட்டி. அந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்குக் கமலை இறைத்த காலம் மறந்திராது. மாடுகள் சரிவில் இறங்கும். வடம் இழுபடும். கப்பி சுழலும். கிணற்றிலிருந்து சால் நிறைய நீர் மேலே வரும்.

வடம் அறுந்துவிட்டால்? சால் தடாலென்று கிணற்றுக்குள் விழும். நஷ்டம் ஒரு சால் தண்ணீர், போனால் போகிறது.

அந்தச் சாலின் இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்தான் எலிஷா ஓட்டிஸ். பல நாடுகளில் லிப்டுகளின் மீது எழுதப்பட்டிருக்கும் பெயர் அவருடையதே. ஆனால், லிப்டைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. கயிறு கட்டிப் பாரம் தூக்கும் பொறிகள் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தன. கயிறு அறுந்தாலும் விழாத லிப்டைச் செய்தார். அதுதான் அவருடைய சாதனை!

தொட்டதெல்லாம் நஷ்டம்

ஓட்டிஸ் 1811ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ந் தேதி, அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் ஹாலிபாக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். 19 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். வண்டி ஓட்டிப் பிழைத்தார். மாவு மில் வைத்தார், நஷ்டம். அதையே மரம் அறுக்கும் மில்லாக மாற்றினார், அதுவும் ஓடவில்லை. மனைவி இளம் வயதில் காலமானார். இரண்டு ஆண் குழந்தைகளுடன் ஆல்பனி நகருக்குச் சென்றார்.

அங்கே ஒரு கட்டில் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கட்டில் சட்டங்களை விரைவாகக் கடையும் யந்திரம் ஒன்றை அமைத்து முதலாளியின் பாராட்டைப் பெற்றார். பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். அந்தப் பட்டறையை ஓட்டியது ஓடைத் தண்ணீரின் விசை. அந்தத் தண்ணீரை நகரத்தார் குடிநீருக்காகத் திருப்பிக்கொண்டார்கள். பட்டறையும் போயிற்று.

கை கொடுத்த வண்டி வில்

1852ஆம் ஆண்டு. நியூயார்க்குக்கு அருகில் யாங்கர்ஸ் என்ற ஊரில் கட்டில் தொழிற்சாலை ஒன்றை அமைக்கும் பொறுப்பு ஓட்டிஸிடம் வந்தது. கனமான சாமான்களை மேல் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பாரம் தூக்கும் மேடைகளின் கயிறு அறுவது சகஜம். அடியில் நின்றவர்களும் மேலே நின்றவர்களும் உயிர் இழந்தார்கள்.

கயிற்றைப் பருமனாக்குவதோடு ஓட்டிஸ் நின்றுவிடவில்லை. எந்தக் கயிறும் ஒரு நாள் அறும். அறுந்த பிறகு என்ன நடக்கவேண்டும் என்று யோசித்தார்.

வில்வண்டியின் அச்சுக்கு மேலே இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பார்கள் அல்லவா? அப்படிப்பட்ட வில் ஒன்றை எடுத்தார். மேடையின் தலைப்பில் பொருத்தி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டினார். மேடை செல்லும் பாதையின் இரு பக்கங்களிலும் ரம்பம் போலப் பற்கள் உள்ள சட்டங்களை நிறுத்தினார்.

கயிறு இழுத்துக்கொண்டிருக்கும் வரையில் வில் வளைந்திருக்கும், பற்களைத் தொடாது. கயிறு அறுந்தால் வில் நிமிரும். அதன் இரு முனைகளும் பற்களில் மாட்டிக்கொள்ளும். மேடை அப்படியே நிற்கும். அதைத் தடுத்து நிறுத்த யாரும் ஓடிவர வேண்டியதில்லை.

கூட்டம் திகைத்தது

1853இல் ஓட்டிஸ் இத்தகைய லிப்டுகளை விற்கத் தொடங்கினார். வாங்குவோர் அதிகம் இல்லை. சொன்னால் நம்பாத ஜனங்களுக்குச் செய்தே காட்டுவது என்று துணிந்தார்.

1854இல் நியூயார்க் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சி. மேடையில் ஏறி நின்று, உயரே தூக்கச் செய்தார். பிறகு, தம்மைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் சொன்னார்! மேடை சில அங்குலம் இறங்கியது. சட்டென்று நின்றது. பார்த்தவர்கள் பிரமித்தார்கள்.

1857 மார்ச் 23ந் தேதி, நியூயார்க்கில் பிராட்வே வீதியிலிருந்த ஐந்து மாடிப் பீங்கான் கடை ஒன்றில் அவருடைய பயணிகள் லிப்ட் ஓடத் தொடங்கியது. நீராவி விசையில், நிமிஷத்துக்குச் சுமார் 40 அடி ஏறியது.

1861 ஏப்ரல் 8ந் தேதி தொண்டை அடைப்பான் நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது 49. பெரும் செல்வம் எதையும் அவர் சேர்த்துவைக்கவில்லை. மைந்தர்கள் சார்லஸும் நார்ட்டனும் தொழிலை வளர்த்தார்கள். 1889இல் பாரிஸ் ஈபல் கோபுரத்திலும், 1931இல் நியூயார்க்கின் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஓட்டிஸ் கம்பெனியின் லிப்டுகள் ஏறின.

மாடி வீடு கட்டுவோருக்கு

இன்று சிற்றூர்களிலும் மாடி வீடுகள் எழுகின்றன. மூட்டு வலியால் படி ஏற முடியாத பெரியவர்களுக்காக, குறைந்த செலவில் லிப்ட் அமைக்கப் பலர் விரும்புகிறார்கள். ஒரு மோட்டாரும், இரும்புக் கயிறும், பட்டறையில் பற்றவைத்த கூண்டும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஆளைத் தூக்க அவை போதும், காப்பாற்றப் போதா.

கண்ணாடிக் கதவு வேண்டாம். பளபளக்கும் தகடு வேண்டாம். வேகமும் வேண்டாம். இவற்றிலெல்லாம் சிக்கனம் பிடிக்கலாம். ஆனால் கயிறு அறுந்தால் தானாகவே பிடிக்கும் தடை மட்டும் இருந்தே தீரவேண்டும். அதை அனுபவம் உள்ள பொறியாளரே அமைக்கவேண்டும். தமிழ்நாட்டில் லிப்டுகளுக்கென்றே 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அனுமதியும் உரிமமும் பெறுவது அவசியம்.

ஓட்டிஸ் பயன்படுத்தியதும் விலை உயர்ந்த பொருள் அல்ல. சாதாரண வண்டி வில்தான். செலவைக் குறைப்பதில் தவறில்லை. கயிறு அறாது என்று நம்பிக் குறைப்பதுதான் ஆபத்து.