மழையைத் துடைத்த மேரி!

கொட்டும் மழையில், பஸ்சின் முன் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? டிரைவருக்கு எதிரே உள்ள கண்ணாடியில், இரண்டு 'வைப்பர்'கள் இங்கும் அங்குமாக ஆடி, நீரை வழித்துத் தள்ளும். அவை மட்டும் இல்லாவிட்டால், எதிரே வருவது லாரியா, மாடா என்று கூடத் தெரியாது. இந்த எளிய கருவியை உலகுக்குத் தந்தவர், மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அங்கே, 1866ம் ஆண்டு பிப்ரவரி 19ல் பிறந்தார் மேரி. நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். 1889ல், தாய் மற்றும் சகோதரியுடன் பர்மிங்ஹாம் நகரில் குடியேறினார். அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டி, வாடகைக்கு விட்டது அந்தக் குடும்பம். 1893ல், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பிரெஸ்னோவுக்குச் சென்ற மேரி, மாட்டுப் பண்ணையும், திராட்சைத் தோட்டமும் நடத்தினார். சில ஆண்டுகளுக்குப் பின், பர்மிங்ஹாமுக்கே திரும்பினார். அவர் இன்ஜினியரிங் படித்தவர் அல்ல.

1902 - 03 குளிர்காலத்தில், நியூயார்க் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே, தெருவில் பதித்த தண்டவாளத்தின் மீது ஓடும் டிராம் வண்டியில் ஏறினார். வெளியே, பனியும் மழையும் கலந்து கொட்டியது. முன் கண்ணாடியில் பனி படிந்து, பாதை மறைந்தது. டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? முன் கண்ணாடியையே திறந்து வைத்து வண்டியை ஓட்டினார். ஊசி போல் குத்தும் பனிக்காற்று, அவர் முகத்தில் அறைந்தது; பின்னால் இருந்த பயணிகளும் நடுங்கினர்.

அந்த ஊரில் எல்லாருக்கும் அது பழகிப் போன காட்சி. குளிர்காலம் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டனர். மேரிக்கு மட்டும், அப்படி விட மனம் வரவில்லை. கண்ணாடியைத் திறக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே துடைக்க முடியாதா என்று யோசித்தார்.

ஊர் திரும்பியதும் படம் வரைந்தார். மாதிரிக் கருவி ஒன்றையும் செய்ய வைத்தார். வண்டியின் உள்ளே ஒரு கைப்பிடி; வெளியே, ரப்பர் பொருத்திய நீண்ட கை. டிரைவர் கைப்பிடியை அசைத்தால், ரப்பர் கண்ணாடியின் குறுக்கே நகர்ந்து, பனியை வழிக்கும். ரப்பர், கண்ணாடியை ஒட்டியே நகரும்படி அமைக்கப்பட்டிருந்தது. மழை இல்லாத காலத்தில், கழற்றி வைத்துக் கொள்ளலாம்.

1903ம் ஆண்டு ஜூன் 18ல், இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு நாட்களுக்கு முன்தான், கார் தயாரிக்கும் போர்டு கம்பெனியே துவங்கியிருந்தது என்றால் பாருங்களேன்! சாலைகளில் கார்களே அரிதாக இருந்த காலம் அது. நவம்பர் 10ல், 743801 என்ற எண்ணுடன் காப்புரிமை கிடைத்தது. வேறு சிலரும் அப்போது இப்படி முயன்றதுண்டு. ஆனாலும், நன்றாக வேலை செய்த முதல் வைப்பர், மேரியுடையது என்றே போற்றப்படுகிறது.

அத்துடன் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. 1905ல், தன் கருவியை வாங்கிக் கொள்ளும்படி கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதினார். அது விலை போகாது என்று மறுத்துவிட்டனர். 17 ஆண்டுகள் கடந்தன. 1920ல் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் கார்கள் பெருகின. வைப்பர் இல்லாத காரே இல்லை என்ற நிலை வந்தது. அவருக்கோ, அதிலிருந்து ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. அமெரிக்க அரசியல் சட்டம், பெண்களின் ஓட்டுரிமையை ஏற்றதே அதே 1920ல் தான். அப்படிப்பட்ட காலத்தில், ஒரு பெண் கண்டுபிடிப்பாளருக்கு இருந்த தடைகளை எண்ணிப் பாருங்கள்.

இன்று, கைப்பிடியின் வேலையை மோட்டார் செய்கிறது. வட்டமாகச் சுற்றும் மோட்டாரின் வேகத்தை, இங்கும் அங்குமான ஆட்டமாக மாற்றுபவை, உள்ளே மறைந்திருக்கும் இரும்புத் தண்டுகள். அவை இணையும் மூட்டுகளில், 'புஷ்' என்ற சின்னஞ்சிறு வளையம் இருக்கும். பழைய கார்களில் அது தேய்ந்து போனால், வைப்பர் தளர்ந்து, கடகடவென்று ஆடும். கண்ணாடியைச் சரியாகத் துடைக்காது. மூட்டு கழன்று விட்டாலோ, மோட்டார் சுற்றினாலும் வைப்பர் அசையாது. எனவே, பழைய காரை ஆசையாக வைத்திருப்போர், மழைக்காலத்துக்கு முன்பே புது புஷ் போட்டுக் கொள்வர். விரல் நுனி அளவுள்ள பொருள் தான். ஆனால், அதை நம்பித்தான் மழையில் பயணம்!

பர்மிங்ஹாமில் தன் வீடுகளை நிர்வகித்தபடி வாழ்ந்த மேரி, 1953ம் ஆண்டு ஜூன் 27ல், 87ம் வயதில் காலமானார். அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் புகழரங்கில், 2011ல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பிறர் படும் சிரமத்தைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று சொல்லி நகர்ந்து விடுவோர் பலர். அதைத் தீர்க்க வழி தேடுவோர் சிலரே. நீங்கள் எந்தப் பக்கம், செல்லங்களே?