இரு கரைகளையும் இணைக்க முயன்ற அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்)

பிள்ளையை மத்ரஸாவில் சேர்ப்பதா, கல்லூரியில் சேர்ப்பதா என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் பலர். இரண்டிலும் படித்த நமக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) அவர்கள்.

1857ல் உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கர் மாவட்டத்தில் பிந்தவல் கிராமத்தில் பிறந்தார்கள். தந்தை வழக்கறிஞர். தம்பிமார்களை ஆங்கிலக் கல்விக்கு அனுப்பிய தந்தை, மூத்தவரான ஷிப்லியை மார்க்கக் கல்வியில் சேர்த்தார். ஒரே வீட்டில் இரண்டு கல்வி முறைகள்! இந்தப் பிரிவினையை இணைப்பதே பின்னாளில் அவர்களின் வாழ்நாள் பணியானது.

1883ல் சர் சையித் அஹ்மத் கானின் அலிகர் கல்லூரியில் அரபு, பார்ஸி ஆசிரியரானார்கள். அங்கு பணியாற்றிய ஆங்கிலேயப் பேராசிரியர் தாமஸ் ஆர்னால்டுக்கு அரபு கற்றுக்கொடுத்து, அவரிடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டார்கள். கற்பிக்கும் ஆலிம், வெட்கப்படாமல் மாணவராகவும் அமர்ந்தார். 1892ல் துருக்கி, ஷாம், எகிப்து சென்று நூலகங்களையும் கல்விக்கூடங்களையும் பார்வையிட்டார்கள்.

அலிகரில் நவீன கல்வி இருந்தது. ஆழமான மார்க்க ஞானம் போதவில்லை. பழைய மத்ரஸாக்களில் மார்க்க ஞானம் இருந்தது. காலத்தின் கேள்விகளுக்குப் பதில் போதவில்லை. இந்தக் குறையை உணர்ந்த உலமாக்கள் நத்வதுல் உலமா அமைப்பைத் தொடங்கி, 1898ல் லக்னோவில் தாருல் உலூமை நிறுவினர். 1905 முதல் அதன் கல்விப் பொறுப்பு ஷிப்லி அவர்களிடம் வந்தது. குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹோடு அரபு இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் முக்கியத்துவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தையும் பாடத்தில் சேர்த்தார்கள். இஸ்லாமிய இறையியலான இல்முல் கலாம் பற்றி உருதுவில் நூல்கள் எழுதினார்கள்.

1907ல் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒரு பாதத்தை இழந்தார்கள். பணி நிற்கவில்லை. அதே ஆண்டு பட்டமளிப்பு நிகழ்ச்சியில், அப்போதே கொடுக்கப்பட்ட தலைப்பில் ஒரு மாணவர் சரளமாக அரபியில் உரையாற்றினார். ஷிப்லி அவர்கள் தமது தலைப்பாகையைக் கழற்றி அவர் தலையில் வைத்தார்கள். அந்த மாணவர்தான் சையித் சுலைமான் நத்வி (ரஹ்).

சீர்திருத்தம் எளிதாக இருக்கவில்லை. பழமையை விரும்பிய சக உலமாக்களின் எதிர்ப்பு வலுத்தது. 1913ல் பொறுப்பிலிருந்து விலகினார்கள். நேசித்து வளர்த்த கூடத்தை விட்டு வெளியேறும் வேதனையிலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகத்தின் உதவியோடு நபி (ஸல்) அவர்களின் வரலாறான சீரத்துன் நபியை எழுதிவந்தார்கள். அது முடியும் முன்பே 1914 நவம்பர் 18ல் வஃபாத்தானார்கள்.

தலைப்பாகை பெற்ற மாணவர் ஆசிரியரின் பணியைச் சுமந்தார். ஆஸம்கரில் ஆசிரியர் கனவு கண்ட தாருல் முஸன்னிஃபீனை வளர்த்தார். சீரத் நூலைத் தொடர்ந்து எழுதினார். 1925ல் நமது சென்னைக்கு வந்து நபி (ஸல்) அவர்களைப் பற்றி அவர் ஆற்றிய தொடர் உரைகள் நூலாகி இன்றும் வாசிக்கப்படுகின்றன.

பதவி போனது, பாடத்திட்டமும் மாணவரும் நின்றார்கள். எனவே பெற்றோர்களே, எந்தக் கூடத்தில் சேர்த்தாலும் மற்றக் கரையின் வாசலைப் பிள்ளைக்கு அடைத்துவிடாதீர்கள். ஓதும் பிள்ளை உலகை அறியட்டும். கல்லூரிப் பிள்ளை மார்க்கத்தை முறையாக ஓதட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.