கண்ணன் தலங்களைத் தேடி நடந்த சைதன்யர்

வடநாட்டு யாத்திரைக்குத் திட்டமிடும் கண்ணன் அடியார்கள் மதுரா, பிருந்தாவனம், கோகுலம், கோவர்த்தனம், ராதா குண்டம் என்று தலங்களை வரிசைப்படுத்திக்கொள்வது இன்று எளிது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அஃது அவ்வளவு எளிதன்று. மதுரா நகரம் இருந்தது; யமுனையும் ஓடிற்று. ஆயினும் கண்ணபிரானின் திருவிளையாடல்கள் நிகழ்ந்த இடங்களிற் பல காடாகவும் வயலாகவும் மாறிப் பெயர் மறைந்து கிடந்தன. அவற்றை மீண்டும் அடியார் உலகிற்குக் காட்டித் தந்த பெருமக்களுள் தலையாய ஒருவர் ஸ்ரீ கிருஷ்ண சைதன்ய மகாபிரபு.

வங்காளத்தில், கங்கைக் கரையிலுள்ள நவத்வீபத்தில், 1486ஆம் ஆண்டு பால்குன மாதப் பௌர்ணமியன்று ஜகந்நாத மிசிரருக்கும் சசிதேவியாருக்கும் புதல்வராக அவர் தோன்றினார். இயற்பெயர் விசுவம்பரர். தமையனார் விசுவரூபர் இளமையிலேயே துறவு பூண்டு எங்கோ சென்றுவிட்டார். பின்னர்த் தந்தையாரும் மறைந்தார். விசுவம்பரர் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியராகப் புகழ் பெற்றார். முதல் மனைவி அரவு தீண்டி இறக்கவே, விஷ்ணுப்பிரியாவை மணந்தார். தந்தைக்குக் கடன் கழிக்கக் கயைக்குச் சென்றபோது ஈசுவரபுரி என்னும் துறவியிடம் மந்திர உபதேசம் பெற்றார். திரும்பி வந்தவர் பழைய பண்டிதர் அல்லர். நாம சங்கீர்த்தனமே அவர் வாழ்வாயிற்று. 1510ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், காட்வாவில் கேசவ பாரதியிடம் துறவேற்றார்.

துறவேற்றவுடன் அவர் கால்கள் பிருந்தாவனத்தை நோக்கியே நடந்தன. உடன் வந்த நித்தியானந்தர் வழியை மாற்றிச் சாந்திபுரத்திற்கு அழைத்துச் சென்று, அங்கே அன்னையையும் வரவழைத்தார். ஒரு மகனைத் துறவுக்குக் கொடுத்துவிட்ட அத்தாய் இரண்டாம் மகனைத் தடுக்கவில்லை. புரியில் தங்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். நவத்வீபத்து மக்கள் ஜகந்நாதரைத் தரிசிக்கப் புரிக்குப் போய் வருவர். அவர்கள் வாயிலாக மகனைப் பற்றிய செய்தியாவது வந்து சேரும் என்பது அவர் எண்ணம். சைதன்யர் அதற்கு இசைந்தார். பிருந்தாவன ஆவல் ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. தாயின் சொல்லுக்காகத் தள்ளிப்போன அந்த யாத்திரை எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை என்பதை அவருடைய பின் வாழ்வு காட்டுகிறது.

இடையில் தென்னாட்டு யாத்திரை நிகழ்ந்தது. தண்ணீர்க் குடத்தையும் துணியையும் சுமக்க ஒரே ஒருவரைத் துணையாகக் கொண்டு புறப்பட்டார். கோதாவரிக் கரையில் இராய ராமானந்தரைச் சந்தித்து உரையாடினார். திருவேங்கடமும் காஞ்சியும் தரிசித்துத் திருவரங்கம் சேர்ந்தார். மழைக்காலத்து நான்கு மாதங்கள் துறவியர் ஓரிடத்தில் தங்குவது மரபாதலின், வேங்கட பட்டர் என்னும் ஸ்ரீவைணவர் இல்லத்தில் தங்கிக் காவிரியில் நீராடி அரங்கனை வழிபட்டார். அக்கோவிலில் ஒருவர் நாள்தோறும் கீதையைப் பிழைபடப் படித்துக் கண்ணீர் வடிப்பார். கேட்டோர் நகைத்தனர். தேரோட்டியாக அமர்ந்த கண்ணன் திருவுருவமே அவர் கண்முன் நிற்பதை அறிந்த சைதன்யர், கீதையைப் படிக்கத் தகுதியுடையவர் அவரே என்று கூறித் தழுவிக்கொண்டார். இலக்கணம் கற்பித்த ஆசிரியர் இவ்வாறு கூறியது சிந்திக்கத்தக்கது.

தெற்கே இராமேசுவரம், குமரிமுனை வரை சென்று, மேற்குக் கரை வழியே உடுப்பியையும் பின்னர்ப் பண்டரிபுரத்தையும் கண்டார். தமையனாரைத் தேடுவதும் இந்த யாத்திரையின் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. விசுவரூபர் பண்டரிபுரத்திலேயே சித்தியடைந்தார் என்னும் செய்தி அவருக்கு அங்கே கிடைத்தது.

1514இல் பிருந்தாவனம் நோக்கி முதன்முறை புறப்பட்டார். அன்னையையும் கங்கையையும் காண வங்காளத்தின் வழியே சென்றார். சென்றவிடமெல்லாம் மக்கள் வெள்ளம் பின்தொடர்ந்தது. கௌட நாட்டுச் சுல்தான் உசேன் ஷாவின் அரசில் உயர்பதவி வகித்த ரூபர், சனாதனர் என்னும் சகோதரர்கள் இராமகேலி என்னும் ஊரில் அவரைச் சந்தித்தனர். இத்துணைக் கூட்டத்தோடு பிருந்தாவனம் செல்வது முறையன்று என்று சனாதனர் எடுத்துரைத்தார். அரசாங்க அலுவலில் பழகியவர் சொன்ன அறிவுரை அது; சைதன்யர் அதை ஏற்றுப் பாதி வழியிலேயே புரிக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் எவருமறியாமல் புறப்பட்டார். பலபத்திர பட்டாச்சாரியரும் ஒரு பணியாளரும் மட்டுமே துணை. பெருவழியை விடுத்து ஜார்க்கண்டக் காட்டு வழியே காசி, பிரயாகை கடந்து மதுராவை அடைந்தார். கோவர்த்தன மலையைக் கண்ணனாகவே கருதியதால் அதன்மீது கால் வைக்கத் துணியவில்லை. மலைமேலிருந்த கோபாலர் திருவுருவமோ, படையெடுப்பு அச்சத்தால் அந்நாளில் கீழே காடூலி கிராமத்திற்குக் கொண்டுவரப்பட்டிருந்தது! மலையேறாமலேயே தரிசனம் கிட்டிற்று. அரித் என்னும் ஊரில் ராதா குண்டம் எங்கே என வினவினார்; எவரும் அறிந்திலர். நெல்வயலில் தேங்கிய சிறிது நீரே அக்குண்டம் என்றுணர்ந்து அதில் நீராடினார். இன்று ஆயிரக்கணக்கானோர் மூழ்கியெழும் குளம் அதுவே. பரவசத்தில் அவர் யமுனையில் குதித்துவிடவே, அஞ்சிய பலபத்திரர் மகர மாத நீராட்டைக் காரணங்காட்டிப் பிரயாகைக்கு அழைத்துச் சென்றார்.

அவ்விரு சகோதரரும் பதவி துறந்தனர். ரூபருக்குப் பிரயாகையிலும், சிறையிலிருந்து தப்பி வந்த சனாதனருக்குக் காசியிலும் உபதேசித்து, மறைந்த தலங்களைக் கண்டறியும் பணியைச் சைதன்யர் ஒப்படைத்தார். அதன்பின் புரியைவிட்டு அகலாமல் வாழ்ந்து 1533இல் மறைந்தார்.

ரூபர் கண்டெடுத்த கோவிந்ததேவருக்கு 1590இல் ராஜா மான்சிங் பெருங்கோவில் எழுப்பினார். ஔரங்கசீப் காலத்தில் அங்கிருந்து வெளியேறிய திருவுருவம் இப்போது ஜெய்ப்பூரிலும், சனாதனரின் மதனமோகனர் கரௌலியிலும் எழுந்தருளியுள்ளனர். யாத்திரைக்குத் திட்டமிடுவோர் இவ்விரு நகரங்களையும் மறத்தலாகாது. தென்னாட்டிலிருந்து சென்ற நாராயண பட்டர் 1552இல் விரஜ பூமியின் வனங்களையும் வலம்வரும் முறையையும் நூலாக வகுத்தார். திருவரங்கத்தில் சைதன்யருக்குப் பணிவிடை செய்த சிறுவரும், வேங்கட பட்டரின் மைந்தருமான கோபால பட்டர், பின்னாளில் பிருந்தாவனம் சென்று 1542இல் ராதாரமணர் வழிபாட்டைத் தொடங்கினார். அத்திருவுருவம் மட்டும் வேறெங்கும் செல்லாமல் இன்றளவும் பிருந்தாவனத்திலேயே வழிபடப்பட்டு வருகிறது.