உண்மையைத் தேடிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

முஸ்லிம் வீட்டில் பிறந்த பிள்ளை முஸ்லிமாக வளர்கிறது. யூதர் வீட்டுப் பிள்ளை யூதராகவும், கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவராகவும் வளர்கின்றன. அப்படியானால் நம் உள்ளத்தில் உள்ள ஈமான், பெற்றோர் விட்டுச் சென்ற வீடு வாசலைப் போல வெறும் வாரிசுச் சொத்துத்தானா? எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான உண்மை என்று ஒன்று உண்டா? உண்டு என்றால் அதை அடையும் வழி எது?

இந்தக் கேள்வி ஏதோ இக்காலத்துக் கல்லூரி மாணவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. 900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் இளைஞரின் உறக்கத்தைப் பறித்த கேள்வி இது. அவரே பிற்காலத்தில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றிய இமாம் அபூஹாமித் முஹம்மத் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) குராஸான் பகுதியில் உள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்றைய ஈரானில் மஷ்ஹத் நகரை அடுத்துள்ளது அவ்வூர். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களின் மஜ்லிஸில் அமர்ந்து கேட்பதில் பெருவிருப்பம் உடையவர். தம் இரு ஆண்மக்களான முஹம்மதையும் அஹ்மதையும் மரணத் தறுவாயில் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, தாம் சேர்த்து வைத்திருந்த சிறு தொகையையும் கொடுத்து, இவர்களுக்குக் கல்வி கொடுங்கள் என வேண்டிக்கொண்டு கண்மூடினார்.

தொகை விரைவில் தீர்ந்தது. நண்பரும் ஏழையே. உணவும் கல்வியும் சேர்ந்து கிடைக்கும் மத்ரஸாவில் பிள்ளைகளை அவர் சேர்த்து விட்டார். வயிற்றுக்காகத் தேடிச் சென்ற கல்வி, அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்காகவும் இருக்க மறுத்து விட்டது என்று பிற்காலத்தில் இமாம் அவர்கள் நினைவுகூர்வார்கள்.

மேலும் ஓதுவதற்காக ஜுர்ஜான் சென்று திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவர்களுடைய பாடக் குறிப்புகளைப் பறித்துக் கொண்டார்கள். கல்வி முழுவதும் அந்தப் பையில்தான் இருக்கிறது, அதை மட்டும் தாருங்கள் என்று இளைஞர் கெஞ்சினார். பை போனதும் போய்விடுகிற கல்வி என்ன கல்வி என்று கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தானாம். அல்லாஹ்வே அவன் வாயால் தமக்குப் புத்தி புகட்டினான் என்று கருதி, மூன்றாண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.

பின்னர் நைஸாப்பூர் சென்று, இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹும் கலாமும் மன்திக்கும் கற்றார்கள். 1085ல் ஆசிரியர் வஃபாத்தானபின் ஸல்ஜூக்கிய அரசின் வஜீர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். அங்கு நடந்த விவாதங்களில் அவர்களை வெல்வார் இல்லை. 1091ல் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு வயது 33 அளவே. முந்நூறு மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து பாடம் கேட்டார்கள்.

ஐயம் என்னும் நோய்

வெளியே புகழ் ஓங்கியது. உள்ளத்திலோ இளமை முதற்கொண்டே ஒரு தாகம். பெற்றோர் சொன்னார்கள், ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவதில் அவர்கள் மனம் அமைதி பெறவில்லை. ஐயத்திற்குச் சிறிதும் இடமில்லாத அறிவு எது என்று ஆராயத் தொடங்கினார்கள்.

முதலில் புலன்களைச் சோதித்தார்கள். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசின் அளவே தெரிகிறது. கணிதமோ அது பூமியை விடப் பெரியது என்று நிறுவுகிறது. ஆகவே கண் பொய் சொல்லும் என்பது தெரிந்தது.

சரி, மூன்றை விடப் பத்துப் பெரியது என்று சொல்லும் அறிவையாவது நம்பலாமா? கண்ணின் பிழையை அறிவு காட்டியது போல, அறிவின் பிழையைக் காட்ட அதற்கும் மேலான ஒரு நிலை இருந்தால் என்ன செய்வது? கனவு காணும்போது அது மெய்யாகத்தானே தோன்றுகிறது! விழித்த பின்னர் அல்லவா அது பொய்யென்று தெரிகிறது.

இந்தச் சுழலில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இமாம் அவர்கள் தவித்தார்கள். ஆதாரம் காட்டி இந்நோயைத் தீர்க்கவும் இயலவில்லை. அறிவையே நம்பாதபோது ஆதாரத்தை எதைக் கொண்டு அமைப்பது? முடிவில், அல்லாஹ் தம் கல்பில் இட்ட ஓர் ஒளியினாலேயே தாம் குணமடைந்ததாகத் தம் சுயசரிதையான அல் முன்கித் மினள் ளலால் என்னும் நூலில் அவர்கள் தெரிவிக்கிறார்கள். அறிவின் மீது இழந்த நம்பிக்கை மீண்டது. அறிவு நம்பத்தக்கது என்பதே அல்லாஹ்வின் அருட்கொடை என்பதை உணர்ந்தார்கள்.

உண்மைக்குச் சொந்தக்காரர் யார்?

நலம் பெற்ற இமாம் அவர்கள், உண்மை தம்மிடம் உள்ளதாகச் சொல்லிக் கொண்ட நான்கு கூட்டத்தாரையும் ஆராய்ந்தார்கள். கலாம் அறிஞர்கள், தவறாத இமாம் ஒருவரிடமே அறிவைப் பெற வேண்டும் என்ற பாத்தினிய்யாக்கள், தத்துவ ஞானிகள், ஸூஃபியாக்கள் ஆகியோரே அந்நால்வர்.

தத்துவ ஞானிகளை மறுக்கும் முன் அவர்களுடைய நூல்களை, பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில் ஆசிரியர் துணையின்றி இரண்டு ஆண்டுகளுக்குள் கற்றுத் தேர்ந்தார்கள். பிறகு ஓராண்டு அளவு அவற்றையே சிந்தித்தார்கள். 1095ல் தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா என்ற நூலை முடித்து, இருபது விஷயங்களில் அவர்களை மறுத்தார்கள். உலகம் தொடக்கமற்றது என்பது, அல்லாஹ் தனித்தனிச் செய்திகளை அவ்வவற்றின் தனித்தன்மையோடு அறிவதில்லை என்பது, மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பது ஆகிய மூன்றையும் குஃப்ர் என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் அவர்களுடைய கணிதத்தையும் வானியலையும் இமாம் அவர்கள் மறுக்கவில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் ஏற்படுகிறது என்பது கணக்கால் உறுதியானது. அதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்தின் பகைவனை விட அதிகக் கேடு செய்கிறான் என்று எச்சரித்தார்கள். கிரகணத்தின்போது தொழும்படி வந்துள்ள ஏவலுக்கும் அந்தக் கணக்குக்கும் எந்த முரண்பாடும் இல்லை. காரணம் அறிந்தவனும் தொழத்தான் வேண்டும்.

மனிதர்களைக் கொண்டு உண்மையை அறியாதே, உண்மையைக் கொண்டு மனிதர்களை அறிந்துகொள் என்பது ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் வழி. இமாம் அவர்கள் அதையே பின்பற்றினார்கள். இரத்தம் எடுக்கும் குப்பியில் தேனை ஊற்றினால் பார்ப்பவருக்கு அருவருப்புத் தோன்றும். அதனால் தேன் கெட்டுவிடுமா? உண்மையும் அப்படித்தான். சொன்னவரைப் பிடிக்கவில்லை என்பதால் அது பொய்யாகாது. நமக்குப் பிடித்தவர் சொன்னார் என்பதால் பொய் உண்மையாகவும் ஆகாது.

பூட்டப்பட்ட நாவு

ஸூஃபியாக்களின் நூல்களைப் படித்தபோதுதான் இமாம் அவர்களுக்குப் பெரும் சோதனை வந்தது. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை வைத்தியர் அறிவார். அவரே நோயில் படுத்திருந்தால் அந்த அறிவு அவரை எழுப்பி நடக்க வைக்காது. தாம் பற்றற்ற வாழ்வை அறிந்தவரே அன்றி வாழ்ந்தவர் அல்லர் என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. தாம் ஓதிக் கொடுப்பதன் நிய்யத்தை ஆராய்ந்தார்கள். அதில் பெயரும் புகழுமே மிகுந்திருக்கக் கண்டு நடுங்கினார்கள்.

ஹிஜ்ரி 488 ரஜப் (கி.பி. 1095) முதல் ஏறக்குறைய ஆறு மாதங்கள் போராட்டம். ஒருநாள் பக்தாதை விட்டுப் புறப்படத் துணிவார்கள். மறுநாள் மனம் மாறும். கடைசியில் நாவே கட்டுண்டது. பாடம் நடத்த ஒரு சொல்லும் எழவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்து நோய் என்று வைத்தியர்கள் கைவிரித்தனர்.

வழியற்ற நிலையில் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். பதவியையும் பொருளையும் துறப்பது எளிதாயிற்று. குடும்பத்துக்கு வேண்டிய அளவு வைத்துவிட்டு மீதியைப் பங்கிட்டுக் கொடுத்து, தம் இடத்தில் தம்பி அஹ்மதைப் பாடம் நடத்த விட்டு, அதே ஆண்டு வெளியேறினார்கள்.

டமாஸ்கஸில் உமய்யா பள்ளிவாசல் மினாராவில் கதவைச் சாத்திக்கொண்டு திக்ரில் ஈடுபட்டார்கள். பைத்துல் முகத்தஸிலும் தங்கினார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத் தலத்தில் நின்று, அரசர்களின் பணத்தைத் தொடுவதில்லை, அவர்களின் அவைக்குச் செல்வதில்லை, வாதச் சண்டையில் இறங்குவதில்லை என்று உறுதி பூண்டார்கள். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றி ஊர் திரும்பினார்கள்.

இஹ்யாவும் இறுதி நாட்களும்

அந்த ஆண்டுகளின் கனிதான் இஹ்யா உலூமித்தீன். வணக்கங்கள், அன்றாட நடைமுறைகள், அழிவில் தள்ளும் குணங்கள், ஈடேற்றும் குணங்கள் என நான்கு பகுதிகள், பகுதிக்குப் பத்தாக நாற்பது கிதாபுகள். ஒளூவின் தண்ணீர் உறுப்பைக் கழுவும்போது உள்ளம் எதைக் கழுவ வேண்டும், தக்பீர் சொல்லும் நாவோடு கல்பு ஒத்திருக்கிறதா என்றெல்லாம் நம்மைக் கேட்கும் நூல் அது. 1109ல் ஸ்பெயினின் குர்துபாவில் ஆட்சியாளர் ஆணைப்படி அந்நூலை எரித்தார்கள். அதில் பலவீனமான ஹதீஸ்கள் உள்ளன என்று அறிஞர்கள் சுட்டியதும் உண்மையே. ஹாஃபிள் ஜைனுத்தீன் அல் இராகி (ரஹ்) அவர்கள் அந்த ஹதீஸ்களை ஆராய்ந்து தரம் பிரித்துத் தந்தார்கள். நூலும் நிலைத்தது.

நமக்கும் இமாம் அவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் பகுதி மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ சட்டநூலான மின்ஹாஜ், இமாம் நவவி (ரஹ்) அவர்களால் இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்களின் முஹர்ரரைச் சுருக்கி எழுதப்பட்டது. இந்த இருவருடைய சட்ட ஆய்வுக்கும் அடிப்படையாக நின்றவை கஸ்ஸாலி இமாமின் ஃபிக்ஹு நூல்களே.

1106ல் நைஸாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். முன்பு புகழைத் தேடும் கல்வியைக் கொடுத்தவர்கள், இப்போது புகழை விடச் செய்யும் கல்வியைக் கொடுத்தார்கள். பின் தூஸுக்கே திரும்பி மத்ரஸாவும் தைக்காவும் அமைத்தார்கள். இறுதி நாட்களில் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் நூல்களில் மூழ்கினார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14 திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) அதிகாலை ஒளூச் செய்து தொழுது, கஃபன் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். பொழுது நன்கு விடியுமுன் ரூஹ் பிரிந்தது. வயது ஏறத்தாழ 53.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ, இது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் வாயடைக்காதீர்கள். கஸ்ஸாலி இமாமும் அதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். உண்மை ஒன்றே. அதைப் படைத்தவனும் ஒருவனே. ஆகவே எந்த உண்மையைக் கண்டும் ஈமான் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேள்வியோடு நின்றுவிடவும் கூடாது. தேனின் சுவை நாவில் பட்டால்தான் தெரியும். தொழுகையும் திக்ரும் ஹலாலான உணவும் உள்ள வீட்டில்தான் பிள்ளை ஈமானைச் சுவைத்து அறியும். பெற்றோரிடமிருந்து வந்த மார்க்கம் பிள்ளையின் சொந்த மார்க்கமாவது அங்கேதான்.

உண்மையை உண்மையெனக் கண்டு அதன்படி நடக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.