மஷெட் கண்ட எஃகு

ராபர்ட் மஷெட் 1811ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையும் இரும்பு ஆய்வாளரே.

பெசிமர் முறையில் உருவான எஃகு எளிதில் உடைந்தது. மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்தால் அக்குறை நீங்கும் என்று மஷெட் கண்டறிந்து, 1856இல் காப்புரிமை பெற்றார். ஆனால், 1859இல் செலுத்த வேண்டிய கட்டணம் செலுத்தப்படாததால் அவ்வுரிமை பறிபோனது. பெசிமர் பெரும் செல்வரானார். மஷெட்டோ கடனில் தவித்தார். 1866இல் அவருடைய பதினாறு வயது மகள் மேரி தனியாக இலண்டனுக்குச் சென்று, பெசிமரிடமே நியாயம் கேட்டார். அதன்பின் பெசிமர் ஆண்டுதோறும் 300 பவுன் வழங்கலானார்.

அக்காலத்தில் வெட்டும் கருவிகளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தே கடினமாக்கினர். வேலையின்போது சூடேறினால் அவற்றின் முனை மழுங்கிவிடும். 1868இல் மஷெட் டங்ஸ்டனும் மாங்கனீசும் கலந்து செய்த எஃகு, காற்றில் ஆறும்போதே கடினமானது. டங்ஸ்டன் கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள்களாக மாறியதால், அதன் முனை சூட்டிலும் நெடுநேரம் கூர்மையாக இருந்தது. கடைசல் இயந்திரங்கள் முன்னைவிட வேகமாக ஓடின.

இம்முறை மஷெட் காப்புரிமை பெறவில்லை. பட்டது போதும் என நினைத்தார் போலும்! கலவையை இரகசியமாகவே காத்தார். 1876இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அது பெசிமரின் பெயரால் வழங்கப்படும் பதக்கம்.